ஏழரை மணிக்குப் போன தாய்மாமன்

‘ஆன் தி டாட்’ என்ற ஆங்கிலத் தொடரை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இருபத்தாறு வயது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி, திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தத் தொடரைப் பார்த்த நினைவில்லை. எங்கள் அதிகாரி வடநாட்டுக்காரர். தமிழ் தெரியாது. நாளைக் காலை பத்து மணி, ஆன் தி டாட், கோப்புகளோடு வா என்றார். கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். பெரியவர் கூப்பிட்டால் முன்கூட்டியே போய் நிற்பதுதானே மரியாதை? ஒன்பதரைக்கே அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் அடியில் என்னைக் கூட்டிப்போய், பத்துக்கு நேரே இருந்த கறுப்புப் புள்ளியைப் பேனாவால் காட்டினார். முள் இதன்மேல் வரும்போது நீ உள்ளே வர வேண்டும், பிந்தி வருகிறவன் என் நேரத்தைத் திருடுகிறான், முந்தி வருகிறவனும் திருடுகிறான் என்றார். எல்லார் எதிரிலும் சொன்னார். நான் போய் அரைமணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு, பத்துக்கு உள்ளே போனேன். கோப்பை வாங்கிக்கொண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்காகவே அடுத்த முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

கண்காணிப்பாளராக ஓய்வு பெறுகிறவரை ஒருநாள் பிந்தியதில்லை, ஒருநாள் முந்தியதுமில்லை. அலுவலகத்தில் எனக்குப் ‘புள்ளி’ என்று பட்டப்பெயர். “புள்ளி வந்துட்டாருய்யா, உக்காருங்க” என்று கடைநிலை ஊழியர் சொல்வது என் காதில் விழும். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தத் தொடரை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் என்னோடு வேலை பார்த்தவர் குடியிருந்தார். ஒருமுறை இரவு எட்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஏழே முக்காலுக்கே தெருமுனைக்குப் போய்விட்டோம். மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு மளிகைக்கடை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே தன் வீட்டு மாடியிலிருந்து அவர் மனைவி எங்களைப் பார்த்துவிட்டார். “வாங்க மதினி, ஏன் அங்கயே நிக்கிறீக?” என்று கூப்பிட்டார். என் மனைவி திரும்பி என்னிடம், “ஏங்க, ஒங்க புள்ளி வந்துருச்சா, செத்த நேரம் ஆகுமா?” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் எட்டு மணிக்குத்தான் படியேறினேன்.

இதுவரை எழுதியதெல்லாம் சிரிப்பதற்குரியது. இனி வருவது அப்படியல்ல.

எனக்கு உடன்பிறந்தவள் ஒரே தங்கை. என்னைவிட எட்டு வயது இளையவள். வடமதுரைக்குப் பக்கத்தில் கத்தரியும் முருங்கையும் போடுகிற ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து பத்திரிகை வைத்தார்கள். முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் என்று அச்சிட்டிருந்தது.

“நான் எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டேன்.

தங்கை சிரித்துவிட்டாள். “என்னண்ணே இது, நீ நேரம் கேக்குற? நீ வந்தாத்தாண்ணே நேரம்.”

“அப்படிச் சொல்லக் கூடாது தாயி. ஆன் தி டாட் வந்துருவேன். மணியைச் சொல்லு.”

அவள் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. “அதான் பத்திரிகையில போட்டிருக்குல்ல மச்சான், ஏழரைன்னு” என்றார். கோபத்தில் சொன்னது அது. எனக்குப் புரிந்தது. புரியாதவன்போல, “அப்ப ஏழரை” என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முதல் நாள் சாயங்காலமே சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். காலையில் மாமன் மாலை போட்டு, மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணையில் வந்து உட்காருவாள். முகூர்த்த நேரம் தொடங்கும்போது அதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு இது தெரியாது என்று எழுதினால் பொய். நன்றாகத் தெரியும். மண்டபத்தில் இரவு தங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை புருஷனின் சொந்தக்காரர்கள் ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டு மழையையும் முருங்கை விலையையும் பேசுவார்கள். அவர்களோடு ஓர் இரவு இருக்க என் படிப்பும் பதவியும் இடம் கொடுக்கவில்லை. அதை வெளியே சொல்ல முடியாது. ஆங்கிலத் தொடர் ஒன்று கையில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முதல் நாள் சாயங்காலம் என் மனைவி சீர்த்தட்டுகளைத் துணி போட்டு மூடி வாசலில் அடுக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். “ராத்திரியே போயிருவோம்ங்க. மாமன் வராம பொண்ண மணையில ஏத்த மாட்டாக. ஒங்க தங்கச்சி அவ மாமியா வீட்டாளுக முன்னாடி தலகுனிஞ்சு நிக்கணும்.”

“பத்திரிகையில என்ன போட்டிருக்கு?”

“பத்திரிகை ஊராளுக்குங்க. நீங்க ஊராளா?”

தட்டுகளைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தேன். சீர்த்தட்டுகளை இரவு முழுக்கக் கூடத்தில் வைத்திருந்தோம்.

மறுநாள் வாடகைக் காரில் கிளம்பி ஏழு இருபதுக்கு மண்டபத் தெருவை அடைந்தோம். பத்து நிமிடம் இருந்தது. மண்டபத்துக்கு நான்கு கடை தள்ளி ஒரு டீக்கடை. காரை அங்கே நிறுத்தச் சொன்னேன். மனைவி இறங்க மறுத்துவிட்டாள். நான் மட்டும் இறங்கி டீ வாங்கிக் குடித்தேன். மண்டபத்திலிருந்து வந்துகொண்டிருந்த மேளச் சத்தம் இடையில் நின்றது. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் தங்கை மகன். அதற்கு முன்பே ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறான். இன்னும் சில நிமிடத்தில் நேரில் போகப் போகிறோமே என்று போனை மறுபடியும் பாக்கெட்டில் போட்டேன். டீ சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன். அந்த டீயை நான் ஊதிக் குடித்த நேரத்தில்தான் உள்ளே என் தங்கை கல்யாண மண்டபம் முழுக்கக் கேட்கும்படி “எங்க அண்ணன் வந்துரும், எங்க அண்ணன் வந்துரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

மேளம் திரும்பத் தொடங்கியது. ஏழரைக்கு வாசலில் கால் வைத்தேன்.

பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாமன் மாலை. போட்டவர் யார் என்று பார்த்தேன். காலையில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலிருந்து மாலைக் கூடைகளை இறக்க வந்தவர். எங்கள் ஆட்களில் ஒருவர்தான், முறைக்குத் தங்கைக்கு அண்ணன் ஆகிறவர். வேறு ஆள் கிடைக்காமல் அவரைக் கூப்பிட்டு மாமனாக நிற்க வைத்திருக்கிறார்கள். கூடை சுமந்து வந்த தோள் நனைந்திருந்தது. யாரோ கொடுத்த துண்டை மேலே போட்டுக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மணைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெண்கள் கூட்டத்தில் ஒரு குரல், “இந்தா வந்துட்டாருடி, ஆபீஸரு” என்றது. இன்னொரு குரல், “மாமன் ஏழரையாத்தான் வந்திருக்காரு” என்றது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி சிரிக்காமல் என் தங்கையிடமே கேட்டாள். “ஒனக்குப் பெறந்த வீட்டுல ஆளில்லையின்னு நெனச்சேனே ஆத்தா?”

தங்கை என்னிடம் வந்தாள். அப்போது நான் ஏதாவது ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம். காலில்கூட விழுந்திருக்கலாம். கடிகாரத்தைக் காட்டி, “ஏழரை. சரியா வந்துட்டேன்ல?” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. “வாங்க. பந்தி நடக்குது. சாப்ட்டுப் போங்க” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னை ‘வாண்ணே, போண்ணே’ என்றுதான் சொல்வாள். அன்று ‘அண்ணே’ இல்லை. சீர்த்தட்டுகளை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. மேடை ஓரத்தில் மற்றவர்கள் கொடுத்த பரிசுப் பெட்டிகளுக்கு நடுவே என் மனைவி அவற்றைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போய் விளக்கம் சொன்னேன். விளக்கம் என்றால் உண்மையாகவே விளக்கம். நேரம் தவறாமை என்றால் என்ன, அந்தத் தொடரை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினேன். அவள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “மச்சான், எங்களுக்குப் படிப்பு பத்தாது. எங்க வீட்டுல ஒரு விசேசமின்னா, வர்றவுகள விருந்தாளிம்போம், முன்னாடியே வந்து கெடக்குறவுகளச் சொந்தம்போம். அம்புட்டுத்தான் தெரியும்” என்றார். அதன்பிறகு அந்த வீட்டில் நடந்த எதற்கும் எனக்குத் தனியாக வந்து சொல்லவில்லை. தபாலில் பத்திரிகை வரும். முகவரிக்கு மேல் என் பெயரும் பட்டமும் சரியாக எழுதியிருக்கும்.

தங்கை வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடமாகிறது. தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் இரண்டு நாள் மகன் அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்து ரத்தம் சுத்திகரித்துக் கூட்டிப்போகிறான். அந்த இடம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒருநாளும் அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை. என் மனைவி தூக்குச்சட்டியில் உப்பில்லாத வெஞ்சனமும் கொஞ்சம் சோறும் கொண்டுபோவாள். “மதினி கையாலன்னா ரெண்டு வாய் எறங்குது” என்று சொல்லிச் சாப்பிடுவாளாம். நான் போனால் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறாள். தூங்குகிறாளா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஊருக்கே போகிறேன். காலையில் கிடைக்கிற முதல் பஸ். இப்போது நேரம் பார்ப்பதில்லை. போனதும், “வாங்க, உக்காருங்க” என்பாள். மருமகளைக் கூப்பிட்டு, “வந்தவுகளுக்குக் காப்பி குடு” என்பாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். தட்டில் பிஸ்கட் வரும். குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் திரும்பியதே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தான். பாதி வழியில் நின்றான்.

“மாமா, ஒன்னு சொல்லணும். அம்மா சொல்லச் சொல்லுச்சு. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது.”

“சொல்லுப்பா.”

“அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்களுக்குச் சொல்லிவிடணுமாம். ஆனா கோடிக்குன்னு காக்க வேணாமாம். எடுக்குற நேரத்துக்கு எடுத்துரணுமாம்.”

ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கொண்டுவரும் கோடிச்சேலையைப் போர்த்தாமல் எங்கள் பக்கம் தூக்க மாட்டார்கள். அண்ணன் எத்தனை மணிக்கு வந்தாலும் காத்திருப்பார்கள். வேண்டாம் என்று உயிரோடு இருக்கும்போதே ஒருத்தி சொல்லி வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

“கோபமா சொன்னாளா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா. மாத்திரை போட்டுக்கிட்டே சாதாரணமாத்தான் சொல்லுச்சு. அவுகள எதுக்குச் செரமப்படுத்தணும்னுச்சு.”

கோபத்தில் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். சிரமப்படுத்த வேண்டாம் என்று அவள் நினைத்திருக்கிறாள். என் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, ஒருநாள் மனம் மாறுவாள் என்கிறார்கள். அவளுக்கு அத்தனை நாள் இல்லை. மாறுவதற்கு அவள் மனதில் என்மேல் எதுவும் மிச்சமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் நான்கு வேட்டி சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை வீங்கியிருந்தது. பையைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை.

மதியம் சாப்பிட்டு, அவள் மிச்ச மொச்சையை உரிக்க உட்கார்ந்தபிறகு, “தாயி, நான் இங்கனயே கொஞ்ச நாளைக்கு இருக்கேனே” என்றேன்.

“எதுக்கு?”

“ஒன்கூட இருக்கணும்னுதான்.”

அவள் ஒரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். “இங்க ஒங்களுக்கு வசதிப்படாது” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் பார்த்து, “நாலரைக்குப் பஸ்ஸு. கெளம்புங்க, நேரமாச்சு” என்றாள்.

அப்போது மணி மூன்றே கால். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.