தேனீ கொட்டிய ராஜாவும் பிளானோ வீட்டுப் பாலும்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரைப் பெற்று வளர்த்தேன். ஒருவரையும் குறையாக வளர்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரவுண்ட் ராக்கில் மூத்தவன் வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். இருநூறு மைல் தள்ளி, பிளானோவில் கடைசி மகன் முருகேசு வீடு வாங்கியிருந்தான். நான் பால் காய்ச்ச வேண்டும். என் வீட்டுக்காரர் மாட்டை விட்டு வரமாட்டேன் என்று பொள்ளாச்சியிலேயே இருந்துவிட்டார். மடியில் பித்தளைக் குண்டா. சோளத்தட்டை குத்திப் போன என் வலது கண் சன்னல் பக்கம். அதனால் டெக்சாஸில் பாதியைத்தான் பார்த்தேன். அதுவும் வெறும் பொட்டல்.

வழியில் வேக்கோ என்ற ஊரில் பெட்ரோல் போட்டான், காலன் ஒரு டாலர். காபி தொண்ணூறு சென்ட். பாத்திரம் கழுவின தண்ணீர்.

பின்சீட்டில் பேத்தி திவ்யா பள்ளிக்கூடத்துக்காக அயர்லாந்து ராஜா ஒருவரைப் பற்றி இங்கிலீஷில் படித்தாள். மகன் எனக்குத் தமிழில் சொன்னான். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆள். பேர் என் வாயில் நுழையவில்லை. வடக்குச் சீமையை ஆண்டவர் தாரா என்ற ஊரின் பெரிய சிம்மாசனத்திலும் உட்கார்ந்தாராம். தேனீ கொட்டி ஒரு கண் போனதாம். அதோடு மகன் நிறுத்திவிட்டான். திவ்யா விடவில்லை.

"அவரை தாராவுலேருந்து ரிமூவ் பண்ணிட்டாங்க அப்பத்தா. பாடில குறை இருந்தா அங்க கிங்கா இருக்கக் கூடாதாம்."

மகன் முகம் சரியில்லை. என்னடா என்று அதட்டியதும்தான் சொன்னான். ஒற்றைக் கண்ணோடு பால் காய்ச்சினால் வீட்டுக்கு ஆகாது என்று முருகேசுவின் மாமியார் சொன்னாராம். முருகேசுவும் சரி என்றானாம். மற்ற நால்வர் வீட்டிலும் இந்தக் கண்ணோடுதானே காய்ச்சினேன்? எந்த வீடு இடிந்தது?

ராஜா அப்புறம் என்ன ஆனார் என்று கேட்டேன். வடக்கே தன் சீமையை விடவில்லை, சண்டையில்தான் செத்தார் என்றாள் திவ்யா.

பிளானோவில் எல்லா வீடும் ஒரே செங்கல். முருகேசு வாசலுக்கு ஓடி வந்தான்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுக் குடுங்க. உள்ள வந்து சோபால உக்காருங்க."

"காய்ச்ச ஆகாத கை குடிக்க மட்டும் ஆகுமாடா?"

படி ஏறவில்லை. குண்டாவோடு காரில் உட்கார்ந்தேன். மூத்தவன் வண்டியைத் திருப்பினான்.

அந்த வீட்டின் உள்புறம் எப்படி என்று எழுத எனக்குத் தெரியாது. திவ்யா, எழுத்துக் கூட்டியாவது இதை எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு. முருகேசுவுக்கு அனுப்ப வேண்டும்.