சிவப்பு அம்புக்குறி

கிளை நூலகங்களுக்கு நிதி திரட்டும் விருந்து அது. எழுத்தாளர்களுக்கு நடுவே, இலக்கிய மாணவியான நானும் பேச வேண்டும். அமைப்பாளர் அச்சிட்டுத் தந்த உரை, ‘எழுத்தறியாத தாய்க்குப் பிறந்த நான்’ என்று தொடங்கியது. அதை மடியில் வைத்துவிட்டு, விருந்தினருக்கு வழங்கிய பனியனை விரித்தேன். தோளில் சிறிய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று அகற்றப்படாமல் இருந்தது.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங் வேலை பார்த்தார். பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால் அங்கே இப்படி ஓர் அம்பை ஒட்டுவார். மிஞ்சியவை அவர் வளையலில் ஒட்டிக்கொண்டு வீடு வரும். பள்ளி வயதில் அவற்றை நான் நூலகப் புத்தகத்தில், புரியாத சொற்களின் அருகே ஒட்டினேன்.

அம்மாவோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகர் கொதித்தார். “ஏனுங்க, புஸ்தகத்தைப் பாழாக்கிட்டாளே உங்க பொண்ணு! இனி இவளுக்குப் புஸ்தகம் இல்லீங்க.”

“கிழிக்கலீங்களே. புரியலைன்னு அடையாளம் வெச்சிருக்கா. நீங்க அர்த்தம் சொல்லுங்க, நான் உரிச்சுடறேன்.”

அம்மா பெஞ்சில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் உரக்க வாசித்தார். நூலகர் முனகிக்கொண்டே பொருள் சொன்ன பிறகுதான் நகத்தால் அம்பை உரித்தார். கடைசி அம்பு வரை நாங்கள் எழவில்லை.

பனியனிலிருந்த அம்பை உரித்து, உரையின் முதல் வரியில் ஒட்டி, அமைப்பாளரிடம் நீட்டினேன்.

“என்ன கண்ணு இது? அதைப் படிச்சாத்தானே கேக்கறவங்க மனசு எளகும்?”

“அது டேமேஜுங்க. எங்கம்மா நல்லாப் படிப்பாங்க.”

வெறுங்கையோடு மேடையேறினேன்.