லாமினேஷன் போட்ட மருந்துச்சீட்டு

இன்று வண்டிப்பெரியாரில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா. பையிலிருந்து லாமினேஷன் போட்ட டாக்டர் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதைப் படிக்கவேயில்லை. அசிடிட்டி மாத்திரை ஆறு அட்டையை எடுத்து வைத்தார்.

நான் நர்ஸ். சும்மா இருக்க முடியவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கு வருடப் பழசு. காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு ஒன்று, பதினான்கு நாள் மட்டும் என்று எழுதியிருந்தது.

"யாருக்குக்கா இவ்வளவு?"

"எங்க லயத்துல வரிசையா இருக்கற ஆறு வீட்டுக்கும் இந்தச் சீட்டுதான். டவுனுக்கு யாரு வந்தாலும் கொண்டாருவோம். காலையில கொழுந்தெடுக்கப் போறப்ப சாப்பிட எங்க நேரம்? இதப் போட்டா வயிறு எரியாது."

"யாருக்காவது வேற தொந்தரவு இருக்கா?"

"பக்கத்து வீட்டு மதினிக்கு ரெண்டு வாரமா வெளிக்குக் கருப்பாப் போகுது. அதான் அவளுக்கு மட்டும் ரெண்டு ரெண்டாக் குடுக்கோம்."

உள்ளே ரத்தம் கசியலாம், மாத்திரையைக் கூட்டாமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அக்கா பதறிப்போய் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

என் கோபமெல்லாம் கடைக்காரர் மேல் திரும்பியது. "நாலு வருஷத்துச் சீட்டுக்கு எப்படிங்க மருந்து குடுக்குறீங்க?"

"மழையில நனைஞ்சு கிழியுதுன்னு வருத்தப்பட்டாங்க. லாமினேஷனே நான்தான் போட்டுக் குடுத்தேன். காசுகூட வாங்கல."

சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல என்னைப் பார்த்தார்.

உங்கள் ஊர் மருந்துக்கடையில் எப்படி? லாமினேஷன் இலவசமா, இல்லை காசு வாங்குகிறார்களா?