மூன்று பேரில் மூன்றாவது

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது மாவட்ட விளையாட்டுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினேன். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் மொத்தமே மூன்று பேர். இந்த இரண்டாவது விஷயத்தை ஒரு வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

என்னை விளையாட்டுக்கு இழுத்துவிட்டவர் எங்கள் பள்ளியின் பி.டி. சார். ஊக்கப்படுத்தினால் எதுவும் நடக்கும் என்று நம்புகிறவர். வாரம் ஒரு நாள் எங்களை மைதானத்தில் உட்காரவைத்து, "ஜெயிக்கணும்ங்கிற வெறி வயித்துக்குள்ள எரியணும்" என்பார். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட் அது என்பதால் வயிற்றில் ஏதோ எரிந்தது உண்மைதான்.

நூறு மீட்டர் ஓட விட்டார். கடைசியாக வந்தேன். குண்டு எறியச் சொன்னார். அது எனக்கு முன்னால் போகாமல் பக்கவாட்டில் போய் அவர் காலடியில் விழுந்தது. அன்றைக்கு நீளம் தாண்டியது அவர்தான். அப்படியும் மனிதர் என்னைக் கைவிடவில்லை. ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார்.

"நடைப்போட்டின்னு ஒண்ணு இருக்கு. மூணு கிலோமீட்டர். நம்ம மாவட்டத்துல இதுவரைக்கும் ரெண்டு பிள்ளைகதான் பேர் குடுத்திருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பரிசு மூணு."

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது.

நடைப்போட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாருக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் அவர் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் முட்டி மடங்கக் கூடாது. ஓடிவிட்டால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று அட்டை விழுந்தால் வெளியே. இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு வேகமாகப் போக வேண்டுமானால் இடுப்பு தானாக ஆடும்.

எங்கள் ஊர் தாடிக்கொம்புப் பக்கம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் தார்ரோட்டில் காலையில் பயிற்சி செய்தேன். முதல் நாளே பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன பாப்பா, பஸ்ஸ விட்டுட்டியா? ஏறிக்க, இறக்கி விடுறேன்" என்றார். தக்காளி பறிக்கப் போன பெண்கள் வயிறு சரியில்லையா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் அம்மாவே ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏண்டி, ஓடுறதுன்னா ஓடு, நடக்குறதுன்னா நட. இதென்ன ரெண்டுங்கெட்டானா?"

"இதுக்குப் பரிசு குடுக்குறாங்கம்மா."

"எதுக்கு? இதுக்கா?" என்றவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

போட்டியன்று திண்டுக்கல் மைதானத்தில் எங்கள் மூவரையும் வரிசையில் நிறுத்தினார்கள். மற்ற இரண்டு பேரும் விசில் ஊதியதும் போய்விட்டார்கள். நானும் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த ஓட்டப்பந்தயத்துக்கு வந்த பிள்ளைகள் கோட்டருகே இடுப்பில் கைவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். நான் கோட்டைத் தொட்டதும் சார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "மூணாவது! மூணாவது!" என்று மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினார். மேடையில் ஏற்றிப் பதக்கம் போட்டார்கள். கழுத்தில் அது விழுந்தபோது, வெட்கப்படாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

வினை என் தாய்மாமா வடிவில் வந்தது. அவருக்குத் திண்டுக்கல்லில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடையில் வேலை. மிச்சத் துணி கிடந்தால் போதும், சொந்தக்காரர்களில் யார் தும்மினாலும் வாழ்த்து அடித்துவிடுவார். மூன்றாம் நாள் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்கு நான் நின்றேன். "மாவட்டத்தையே நடந்து வென்ற வீரமங்கையே வருக!" பின்னணியில் ஏதோ வெளிநாட்டு ஸ்டேடியம். என் முகத்தை அவர் இரண்டு சுற்று வெளுப்பாக்கியிருந்தார்.

"மாமா, மூணாவதுன்னு எங்கயுமே போடலையே?"

"போட்டிருக்கேன் பாப்பா. கீழ, ஸ்டேடியத்துல பறக்குற கொடிக்குப் பக்கத்துல. உத்துப் பாத்தா தெரியும்."

அன்றிலிருந்து ஊருக்குள் என் பாடு திண்டாட்டம். காலையில் பஸ் கிளம்பப் போகிறதென்று ஓடிவந்தால் கண்டக்டர் படியில் நின்றபடி, "நடந்து வா பாப்பா, நடந்தாத்தான ஒனக்குப் பிரைஸ்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எவராவது கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் தூங்கவிடவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்கும்முன் உண்மையிலேயே நன்றாக நடக்கப் பழகிவிட வேண்டும் என்று காலை, மாலை இரு வேளையும் ரோட்டில் இறங்கினேன். சார் பேசிப் பேசி வராத வெறி, அந்த ஃபிளக்ஸைத் தினமும் கடந்து போனதில் வந்தது. முட்டி மடங்காமல் நடக்கப் பழகினேன். பால்காரர் வண்டியைக் கொஞ்ச தூரம் முந்திக்கூடக் காட்டினேன். அவர் கேன்களோடு மெதுவாகத்தான் போவார் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மறுவருடம் மைதானத்துக்குப் போனால் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.

சாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

எனக்குப் பக்கத்தில் கால்களை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண், ஒல்லியாக, பத்தாம் வகுப்பு இருக்கும், என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க ஃபிளக்ஸ்ல இருந்த அக்காதான?" என்றாள். சொந்த ஊர் நத்தம் பக்கமாம். "தாடிக்கொம்புக்கு எங்க அத்த வீட்டுக்கு வந்தப்பப் பாத்தேன். நடக்குறதுக்குக்கூடப் பரிசு இருக்குதான்னு எங்க மிஸ்கிட்டக் கேட்டேன். அதான் வந்துட்டேன். நேர்ல வேற மாதிரி இருக்கீங்க."

"மாமா வெள்ளையடிச்சுட்டாரு" என்றேன்.

அந்த வருடம் அம்மாவும் வந்திருந்தாள். போட்டி தொடங்கி இரண்டு சுற்று வரை வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் ஒருத்தி என்னை முந்தியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. கயிற்றோரமாக வந்து, "ஓடுடீ! என்ன வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க, ஓடு!" என்று கத்தினாள்.

நடுவர் திரும்பிப் பார்த்தார். சார் விழுந்தடித்து ஓடினார். "அம்மா, ஓடச் சொல்லாதீங்க! ஓடுனா வெளிய அனுப்பிருவாங்க!"

"பின்ன எதுக்குய்யா பந்தயம் வைக்கிறீங்க?"

அடுத்த சுற்றில் நான் அம்மாவைக் கடந்தபோது, "நடடீ! வெரசா நட! ஓடிறாத!" என்று சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டே இரண்டு பேரை முந்தினேன். கடைசிச் சுற்றில் மூன்றாவதாகப் போன பெண்ணின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓடியிருந்தால் பிடித்திருப்பேன். ஓடவில்லை. நத்தம் பெண் முதலாவது, நான் நாலாவது.

நாலாவதுக்கு மேடை கிடையாது. கைதட்டி முடித்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். அழுகை முட்டியது. தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "போன வருசம் ஒருத்தியக்கூட நீ முந்தல. இந்த வருசம் ஏழு பேரு ஒனக்குப் பின்னால வந்தாளுக."

பாட்டிலை வாங்காமல் அவளைப் பார்த்தேன்.

"மூணு பேருதான்னு ஒனக்குத் தெரியுமா?"

"ஒங்க சார் அன்னைக்கே சந்தையில வச்சுச் சொல்லிட்டாரு. அம்புட்டும் தெரியும்."

"அப்பறம் ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுட்ட. சரி, நடக்குற பிள்ளைய எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு வருடம் முழுக்க நான் தனியாகச் சுமந்ததாக நினைத்த ரகசியத்தை அவளும் கூடவே சுமந்திருக்கிறாள், அதுவும் என்னைவிடச் சௌகரியமாக.

பள்ளியோடு என் போட்டிகள் முடிந்தன. கல்லூரியில் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள்; விளையாட்டுச் சான்றிதழை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நத்தம் பெண் மாநிலப் போட்டி வரை போனாள். நான் நாலாவதாக வந்த அன்று மாலை மைதானத்திலிருந்து அம்மா, சார், நான் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனோம். சார் அடுத்த வருடத்துக்கு யார் யாரை நடக்கவிடலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அம்மாவுக்குப் பசி. வழியில் ஒரு கடையில் சுடச்சுட வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு வாங்கி நின்றபடியே தின்றோம்.