குலுக்கியபின் பிரிந்த ஏலக்காய்

இயற்கையின் மிகப் பெரிய விதி ஒன்றை, உத்தமபாளையம் பக்கத்துக் கல்லூரியொன்றின் பின்கட்டு ஆய்வகத்தில் வைத்து நான் உடைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். சட்டியை உடைத்தவன் முழிக்கிற முழிதான் எனக்கும். முதல் நாள் பெருமை; மீதி ஆறு நாளும் பயம்.

நான் இயற்பியல் வாத்தியார். நாற்பத்தொன்பது வயதில், வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தவன். நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கி, கடைசி நீட்டிப்பும் முடிய ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷ உழைப்பு ஆற்றோடு போகும்.

மணிமணியான பொருள்களைக் குலுக்கினால் எப்படிக் கலக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. காற்றில் அலைகிற கோடானுகோடி மூலக்கூறுகளுக்குப் பொருந்தும் கணக்கு இந்த மணிகளுக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் கண்ணாடி மணியைக் குலுக்குவார்கள். என் மச்சினனுக்குக் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் இருப்பதால் நான் ஏலக்காயைக் குலுக்கினேன். ஒரே சல்லடையில் நின்ற, ஒரே எடையுள்ள காய்களில் பாதி நல்ல பச்சை, பாதி வெளுத்தது. நிறம் தவிர வேறு வித்தியாசம் இருக்கக் கூடாது. நானும் மனைவியும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பொறுக்கினோம்.

"ஊரு பூரா கூலி குடுத்து ஆள் வச்சுத் தரம் பிரிக்கிறாக. நீங்க பிரிச்சதக் கலக்குறதுக்குப் பட்டம் வாங்கப் போறீக" என்றாள்.

கண்ணாடித் தொட்டியில் கொட்டி, குலுக்கு மேசையில் ஏற்றி, விடியற்காலை தானாக நிற்கும்படி திருகி வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வந்தேன். காலை ஒன்பது மணிக்குத் திறந்தால், பச்சையெல்லாம் இடப்பக்கம், வெளுத்ததெல்லாம் வலப்பக்கம். நடுவில் கோடு கிழித்தாற்போல இடைவெளி.

இது நடக்கவே கூடாது. கம்பத்தில் பஸ் ஏறிய கூட்டம், குலுங்கிக் குலுங்கித் தேனியில் இறங்கும்போது தானாகவே உயரவாரியாக வரிசையில் நிற்குமா? கலந்து கிடக்க எண்ண முடியாத அளவு வழிகள் உண்டு. பிரிந்து கிடக்க விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகள்தான். அதனால்தான் உலகில் எல்லாமே கலைகிறது, ஆறுகிறது, தானாக மீள்வதில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அது. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தொட்டியின் மூலையில் வாய் பிளந்த காய்கள் மட்டும் தனியாக ஒரு சிறு குவியல். பனிக்கட்டி, நீர், ஆவி மாதிரி இது மூன்றாவது நிலை என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. கர்வம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன்.

உடனே மதுரையில் இருக்கும் என் நெறியாளருக்குப் படத்தோடு மின்னஞ்சல் தட்டிவிட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். "மறுபடி செய்யுங்க சார். அடுத்த திங்கட்கிழமை நானே வந்து பாக்குறேன்" என்று பதில் வந்தது. பெருமை அங்கேயே இறங்கிவிட்டது. வந்து பார்க்கும்போது பிரியாவிட்டால்? பொய்க்கணக்கு எழுதியவன் என்று ஆகிவிடாதா?

மறுநாளும் பிரிந்தது. அடுத்த நாளும் பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியவில்லை. கலந்தது கலந்தபடியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஏலக்காய்க்கும் என்ன பகை? மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன், ஈரப்பதத்தை, சாலையில் போகிற லாரிகளின் அதிர்வை, கடைசியில் ராயப்பன்பட்டி மாதா கோயில் மணியைக்கூடச் சந்தேகப்பட்டேன். செல்போனை உள்ளே வைத்து, நடப்பதை வீடியோ எடுத்திருக்கலாம். பயந்தவனுக்கு அது எங்கே தோன்றுகிறது?

"ஏங்க, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீக. அதுவாச்சும் பிரியுதா?" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை நெறியாளர் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். ஏழரை மணிக்கு இருவரும் ஆய்வகத்துக்குப் போனோம். பூட்டு திறந்திருந்தது. உள்ளே, கல்லூரியைக் கூட்டிப் பெருக்கும் அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தொட்டிக்குள். விரல்கள் போன வேகத்தில் காய் விழுவதுதான் தெரிந்தது, எடுப்பது தெரியவில்லை.

"அக்கா! என்ன செய்றீக?"

"வாங்க சார். ஞாயித்துக்கெழம லீவு தவிர தெனமும் பிரிச்சு வச்சுட்டுப் போறேன், மறுநா பாத்தா மறுபடி கலந்து கெடக்கு. போடியில பதினஞ்சு வருசம் ஏலக்கா தரம் பாத்த கை சார் இது. பச்சையும் வெள்ளையும் இப்படிக் கெடந்தா ஏவாரி தொட மாட்டாக. வாய் பொளந்ததையும் ஓரமா எடுத்துப் போட்டுருக்கேன். ஒங்களுக்குத் தரம் பாக்கத் தெரியலனு ஆருகிட்டயும் சொல்லல."

எனக்குக் காது சுட்டது. அறைக்கு இரண்டு சாவி உண்டு என்பதும், ஒன்று அக்காவிடம் இருப்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். லாரியையும் கோயில் மணியையும் சந்தேகப்பட்டவனுக்கு, தினமும் அந்த அறைக்குள் போகிற மனுஷியின் நினைவு வரவில்லை. வாசலில் நின்று வேகமான மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவானதை மறுபக்கமும் பிரித்துவிடும் ஒரு கற்பனைக் குட்டிச்சாத்தானைப் பற்றி வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன். அது உத்தமபாளையத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் என்று நான் கண்டேனா?

நெறியாளர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அக்காவிடம், "ஒரு தொட்டி பிரிக்க எவ்வளவு நேரம் ஆகுதுங்க?" என்று கேட்டு, குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை எடுத்ததுதான் சார் உங்க உண்மையான முடிவு. அதையே திரும்பத் திரும்ப எடுங்க" என்றார்.

எடுத்தேன். தொட்டியைத் தொட வேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன், மனசில்லாமல் ஒத்துக்கொண்டார். நான்கு மாதம் குலுக்கினேன். ஒருநாள்கூடக் காய் தானாகப் பிரியவில்லை. அதையே எழுதி, நீட்டிப்பு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.