ஒருவரையும் காப்பாற்றாதவர்

என் அக்காவின் கணவருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் பன்னிரண்டு வருடம் பொது நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தார். இதைச் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

அந்த வேலை கிடைத்ததே தனிக் கதை. நேர்முகத் தேர்வு காலை ஆறு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள், எட்டுப் பேரிடம் பதக்கம் இருந்தது. அப்போதைய மேனேஜர் தேர்வையே அடியோடு மறந்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு ஏதோ பைப் ரிப்பேருக்காக வந்து கதவைத் திறந்தார். வாசல் படியில் அத்தான் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாதுங்க. உக்காரச் சொன்னா உக்காருவேன். பாக்கச் சொன்னா பாப்பேன்.”

“நீச்சலை ஒரு மாசத்துல கத்துக்கலாம். இப்படி உக்கார யாரு சொல்லிக் குடுப்பா?” என்று அவர் சாவிக் கொத்தை அத்தான் கையில் வைத்துவிட்டார்.

அந்த ஒரு மாதம் கடைசிவரை வரவில்லை. நீச்சல் கற்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்க வேண்டும். அத்தான் இறங்கிவிட்டால் மேலே இருந்து யார் பார்ப்பது? சரி, குளத்தை மூடிய பிறகு இறங்கலாமே என்றால், உயிர்காப்பாளர் மேலே காவலில் இல்லாத நேரத்தில் யாரும் இறங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டியதே அத்தான்தான்.

பெயிண்ட் உரிந்த உயரமான இரும்பு நாற்காலியில், ஒன்பதடி ஆழம் இருக்கும் பக்கமாக உட்காருவார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணுவார். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துத் தடவித் தடவிச் சாப்பிடுவார், கண் மட்டும் தண்ணீரை விட்டு நகராது. ஒருவன் களைத்துப்போவது அவனுக்கே தெரிவதற்கு முன்னால் அத்தானுக்குத் தெரிந்துவிடும். “தோள் இறங்கிருச்சு, வெளிய வா!” என்று விசில் பறக்கும். வெளியே வந்தவன் நன்றாகத்தானே நீந்திக்கொண்டிருந்தேன் என்று சண்டை பிடிப்பான். ஊரில் அவர் பெயரே விசில் என்று ஆகிவிட்டது. வீட்டிலும் அதே பாடுதான். அக்கா குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டால் போதும், கதவுக்கு வெளியே விசில் கேட்கும்.

“கட்டுன பொண்டாட்டி நிம்மதியா தலைக்குக் குளிக்க முடியலடா இந்த வீட்டுல” என்று அக்கா என்னிடம் புலம்புவாள்.

பன்னிரண்டு வருடத்தில் அந்தக் குளத்தில் ஒருவர்கூட ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வினையே அதில்தான் வந்தது.

புது மேனேஜர் ஒருவர் வந்தார். வந்ததும் எல்லோருடைய ஃபைலையும் கேட்டார். அத்தானின் ஃபைலில் நாற்பத்தோரு புகார்க் கடிதங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

“இதுவரைக்கும் எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கீங்க?”

“யாரும் முங்கலைங்க.”

“அப்போ பன்னெண்டு வருஷமா என்னதான் வேலை பாத்தீங்க?”

மேனேஜரிடம் வேறு ஓர் ஆள் தயாராக இருந்தான். எல்லோரும் அவனை மெடல் என்றே கூப்பிட்டார்கள். தோள் இரண்டும் கதவு அகலம். முன்பு வேலை பார்த்த குளத்தில் இரண்டே வருடத்தில் பதினான்கு பேரைக் காப்பாற்றியவன். பதினான்குக்கும் மீட்புச் சான்று வைத்திருந்தான், பிளாஸ்டிக் உறை போட்டு. அத்தான் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, “பதினாலு பேரும் இவரு பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் முங்கியிருக்காங்க” என்றார்.

“பாத்தீங்களா, ஒவ்வொரு தடவையும் ஆளு கரெக்டா அங்க இருந்திருக்காரு” என்று மேனேஜர் பூரித்துப்போனார். ஆனாலும் நியாயமான மனிதராம். “சனிக்கிழமைக்குள்ள நீங்க ஒரே ஒருத்தரைக் காப்பாத்திக் காட்டுங்க, போதும். இல்லேன்னா வேலை இவருக்கு.”

நாற்பத்தேழு வயது, நீச்சல் தெரியாத உயிர்காப்பாளர். இந்த வேலை போனால் வேறு எவன் அழைத்து வேலை கொடுப்பான்? அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்து, விடிந்ததும் எனக்கு போன் செய்தாள்.

“தம்பி, நீ முங்கணும்.”

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், அந்தக் குளத்தில்தான் கற்றேன். திட்டம் சுலபம். நான் முங்கி மனசுக்குள் இருபது எண்ண வேண்டும். அத்தான் கொக்கி வைத்த நீளக் கழியை நீட்ட வேண்டும். நான் அதைப் பிடித்துக்கொண்டு சாகப்போனவன்போல வெளியே வர வேண்டும்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒத்திகை பார்த்தோம். மூன்று நாளும் நான் முங்குவதற்கு மூச்சை இழுக்கும்போதே அத்தான் விசில் ஊதி என்னை வெளியே ஏற்றிவிட்டார்.

“அத்தான், நடிப்புதானே!”

“தெரியுது மாப்ளே. ஆனா முங்கப் போறவன் மூஞ்சி உனக்கு வந்துருது. நான் என்ன பண்ணட்டும்?”

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சனிக்கிழமை காலை அக்கா விசிலைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இருபது எண்ணும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று தன் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். கரையில் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெடல் நீச்சல் உடையில் நின்று தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நான் நீந்திக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி ஒன்பதடிப் பக்கம் போய்க் கையைக் காலை உதறிவிட்டு முங்கினேன்.

ஏழுவரை எண்ணியிருப்பேன். தலைக்கு மேல் ஏதோ பாறை விழுந்ததுபோல் தண்ணீர் குலுங்கியது. கண்ணைத் திறந்தால் எதிரே அத்தான், சட்டை பேன்ட்டோடு, வாயிலிருந்து குமிழ் குமிழாக விட்டபடி கீழே போய்க்கொண்டிருந்தார். கையில் இருந்த கழியைக் கரையிலேயே போட்டுவிட்டுக் குதித்திருக்கிறார். நான் அவர் காலரை எட்டிப் பிடிப்பதற்குள் மெடல் பாய்ந்து வந்து, என்னை முழங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு அவரை அள்ளிக்கொண்டு போனான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவன் இல்லாவிட்டால் அன்றைக்கு என் அக்காவின் கதி என்ன ஆகியிருக்குமோ. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அத்தான் இருமி முடிப்பதற்குள் மெடல் கரையில் இருந்த தன் பையிலிருந்து புது மீட்புச் சான்றுப் படிவம் ஒன்றை எடுத்துவிட்டான். பதினைந்தாவது. காப்பாற்றப்பட்டவர்தான் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அத்தான் ஈரக் கையால் எழுதத் தொடங்கினார். பெயர், வயது எழுதினார். மூழ்கியதற்குக் காரணம் என்ற இடத்தில் மச்சினன் என்று எழுதினார். அப்போது காவலில் இருந்தவர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அக்கா அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், அத்தான் துண்டை விலக்கிவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

“மாப்ளே, நான் தண்ணிக்குள்ள இருந்தேன். இவரும் தண்ணிக்குள்ள இருந்தாரு. அப்ப மேல இருந்து பாத்தது யாரு?”

மெடல் படிவத்தில் காலியாக இருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினான்.

“உள்ள இன்னும் பதினோரு பேரு இருந்தாங்களே. முக்கால் நிமிஷம் ஒருத்தரும் பாக்கலையே” என்று அத்தான் அந்த இடத்திலேயே அழுதார். வேலை போனதற்கு அவர் அழவில்லை. பெற்ற தகப்பன் செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மேனேஜர் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு பேரும் சௌக்கியமாக நீந்திக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?”

“ஆகலைங்க.”

“அப்புறம் எதுக்குங்க அழறீங்க? எதுவுமே நடக்கலையே!” என்று மேனேஜர் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார்.

அத்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காவலில் இருந்தவர் என்ற இடத்தில் யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.