ப்ளேயருக்குள் போகாத பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க கொச்சி மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சியாளர் — வேறு யார், நான்தான். தலைப்பு: கட்டைவிரல் அளவு ப்ளேயருக்குள் பாட்டு ஏற்றுவது எப்படி?

மனைவி லதாவுக்கு மறுநாள் களமசேரி ஃபேக்டரியில் முதல் நாள். பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி வேலைக்குப் போகிறாள். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். கேமரா இல்லாத ப்ளேயருக்குத் தடையில்லை.

“தெரிஞ்ச முகம் ஒண்ணுமில்ல. மத்தியானம் தனியாத்தான் உக்காந்து சாப்பிடணும். நாலு பாட்டாவது காதுல இருக்கட்டும்” என்றாள்.

நாலு பாட்டுதானே? மாதச் சந்தா கட்டும் ஆப்பில் கோடிக்கணக்கில் கிடக்கிறதே! ‘டவுன்லோட்’ அழுத்தினேன். இறங்கியது… ஆப்புக்குள்ளேயே. வெளியே எடுக்க முடியாதாம். காசு என்னுடையது, போன் என்னுடையது, பாட்டு மட்டும் அவர்கள் வீட்டுப் பிள்ளை.

தனித்தனியாகப் பாட்டு விற்கும் கடை ஒன்று இணையத்தில் அகப்பட்டது. வாங்கினேன். இந்த ஃபார்மட் எனக்கு ஆகாது என்றது ப்ளேயர். சரி, மாற்றித்தரும் சாஃப்ட்வேர்? இலவசம்தான் — ஒவ்வொரு பாட்டிலும் முதல் ஒரு நிமிடம் மட்டும். பல்லவி முடிந்ததும் எழுந்து போ என்று அர்த்தம்.

மொபைல் கடை சேட்டனிடம் ஓடினேன். முன்பு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்தவர். மேலும் கீழும் பார்த்தார்.

“இப்ப ஆரு சேட்டா கார்டில் பாட்டு ஏற்றும்? எல்லாம் ஆப்பில் உண்டல்லோ!”

உண்டு சேட்டா. அங்கேயேதான் உண்டு.

கடைசியில் ப்ளேயரில் ஒரு மைக் இருப்பதைக் கண்டுபிடித்தேன். லதாவின் போனைச் சத்தமாகப் பாடவிட்டு, பக்கத்தில் ப்ளேயரை வைத்து ரெக்கார்ட் அழுத்தினேன். என்ன ஒரு தொழில்நுட்பம்!

அது பாடிக்கொண்டிருக்க, ஆத்திரம் அடங்காமல் என் போனில் ஆப் கம்பெனியின் கஸ்டமர் கேரைப் பிடித்தேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்றது ஓர் இயந்திரக் குரல். தமிழில் திட்டினேன். புரியவில்லையோ என்று மலையாளத்திலும் திட்டினேன்.

அதே மேசையில்தான் ப்ளேயரும் கேட்டுக்கொண்டு கிடந்தது என்பது, திங்கட்கிழமை அவள் பஸ் ஏறிப் போனபிறகுதான் உறைத்தது. மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், முதல் நாளும் அதுவுமாய்…

சாயங்காலம் வந்தவளிடம், “பாட்டு… கேட்டியா?” என்றேன்.

“பாட்டை ஆரு கேட்டா? நீங்க கத்துறதைக் கேட்டு நான் தனியா சிரிக்க, பக்கத்து டேபிள் சேச்சிங்க என்னன்னு எழுந்து வந்துட்டாங்க. ஆளுக்குக் கொஞ்சம் கேக்கக் குடுத்தேன். மலையாளத்துல திட்டினதுதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது!”

ப்ளேயரை என் கையில் திணித்தாள்.

“நாளைக்கும் என்கூடத்தான் சாப்பிடுறாங்களாம். புதுசா கொஞ்சம் திட்டிக் குடுங்க.”